வாசலில் இறக்கிய இன்ஜின் ஹெட்

எட்டு வருஷம் ஓட்டிய வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. பெட்ரோல் போடுவேன், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவேன், டிப் ஸ்டிக்கை இழுத்து ஆயில் பார்ப்பேன். அதற்கு மேல் பானெட்டுக்குள் நடப்பதெல்லாம் மெக்கானிக் காதர் பாய் விவகாரம். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் டாக்ஸி ஓட்டிய முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை. வாலாஜாபாத்தில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டிக்குப் பின்னால் ஒரே வெள்ளைப் புகை. ஊர் வருவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். பாய் இன்ஜினை ஆறவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது.

“ஹெட் கேஸ்கெட் பூடுச்சிபா. ஹெட்டை எறக்கணும்.”

“எப்ப எறக்குவ?”

“சனிக்கெழம. அதோ பார், பஸ் இன்ஜினைப் பிரிச்சிப் போட்டுக்கினு கெடக்குறேன். கண்ணு தெரியலியா?”

எனக்குக் கண் தெரிந்தது. கண் தெரியாதவர் வேறு ஒருவர். அவரால்தான் எனக்குச் சனிக்கிழமை வரை பொறுக்க முடியாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை சவாரி

சின்ன காஞ்சிபுரத்தில் ராகவாச்சாரி என்று ஒரு வாத்தியார். ரிட்டயர் ஆனவர். இரண்டு கண்ணிலும் புரை. மெட்ராஸில் கண் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் காத்திருந்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தார். அது அந்த வாரம் வெள்ளிக்கிழமை. தவறினால் மறுபடி வரிசையில் கடைசி ஆளாக நிற்க வேண்டும். மகன் பம்பாயில். ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு தடவையும் அவர் கையைப் பிடித்துப் படி ஏற்றி இறக்கியது நான்தான். வேறு வண்டியில் ஏறமாட்டார். என் ஹாரன் சத்தத்தை வைத்தே கதவைத் திறப்பார்.

எனக்கு இருந்த வழி இரண்டு. ஸ்டாண்டில் என் பக்கத்தில் நிறுத்தும் முனுசாமியிடம் சவாரியைக் கொடுத்துவிடலாம். அல்லது இன்ஜினின் மேல் மூடியான அந்த ஹெட்டை நானே வீட்டில் இறக்கலாம்.

புத்தி உள்ளவன் முதல் வழியைப் பிடித்திருப்பான். நான் இரண்டாவதைப் பிடித்தேன். கேட்டவர்களிடமெல்லாம், “பாவம், வாத்தியாருக்காக” என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, அந்த மூடிக்குக் கீழே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்கிற அரிப்பு. எட்டு வருஷத்து அரிப்பு.

பாயிடம் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த புது கேஸ்கெட்டை எடுத்துக் கொடுத்தார். இன்ஜினுக்கும் மேல் மூடிக்கும் நடுவில் வைக்கிற செம்புத் தகடு அது. ஒரு செட் ஸ்பேனரும் கொடுத்தார்.

“சந்தேகம்னா வந்து கேளு. கூச்சப்படாத.”

“தறியையே பிரிச்சிக் கட்டனவன் நானு. இதுல இன்னா இருக்குது?” என்றேன். வாய் இருக்கிறதே, அது எப்போதும் கையைவிட ஒரு படி முன்னால் போகும்.

தெரு கூடியது

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. நெசவுக் குடும்பம். இருபது வயது வரை நானும் தறியில் இருந்தவன்தான். உட்கார்ந்த இடத்திலேயே உலகம் முடிந்துவிடுகிறதே என்று ஸ்டியரிங் பிடித்தவன். என் மனைவி பச்சையம்மாள் பாவு பிணைக்கிற வேலை செய்தாள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைதான் பாவு. ஒரு பாவு முடியும்போது பழைய நூலை உருவிவிட மாட்டார்கள். அதன் முனையோடு புதுப் பாவின் முனையை ஒவ்வொன்றாக, சாம்பல் தொட்டு, விரலால் திரித்துப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. இந்தக் கரையில் ஆரம்பித்து அந்தக் கரையில் முடிக்க வேண்டும். நடுவில் ஒன்று தவறினாலும் புடவை காட்டிக்கொடுத்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் வண்டியை நிறுத்தித் தண்ணீரை வடித்தேன். ஹோஸ், கார்புரேட்டர், மானிஃபோல்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது. தறியை நிறுத்திவிட்டு வந்தவர்களும் உண்டு. எதிர்வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, “இதுல பாவு எது, ஊடை எது?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

புஷ் ராடு என்று எட்டுக் கம்பிகள் வந்தன. எல்லாம் ஒரே மாதிரி. நான் கத்தையாகச் சேர்த்துக் கீழே வைக்கப் போனேன். பச்சையம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாங்க நீங்க, எது எந்த ஓட்டையிலேருந்து வந்துச்சின்னு தெரிய வேணாமா?”

உள்ளே போய்க் கழிவுப் பட்டு நூல் கொண்டுவந்தாள். முதல் கம்பிக்குச் சிவப்பு, இரண்டாவதற்குப் பச்சை, அப்புறம் அரக்கு, மஞ்சள் என்று எட்டுக்கும் எட்டு நிறம் கட்டி, பழைய புடவை அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தாள். அவள் இல்லையென்றால் அன்றே என் கதை கந்தல்.

மூடியை இறுக்கியிருந்த பத்து நட்டையும் தளர்த்தி, நானும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஹெட்டைத் தூக்கினோம். கீழே நான்கு வட்டக் குழி. நான்கு பிஸ்டன் தலை, கரி பிடித்து. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே பழைய கேஸ்கெட் ஓர் இடத்தில் எரிந்து ஓட்டையாக இருந்தது. பச்சையம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இத்தினூண்டு ஓட்டைக்கா அவ்ளோ பொகை?”

நான் வண்டியின் முன்னால் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றினேன். இரண்டு பிஸ்டன் ஏறியது, இரண்டு இறங்கியது. மறுபடி சுற்றினேன். தெரு மொத்தமும் “ஆ” என்றது. எத்தனை தடவை சுற்றிக் காட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இதுதானா என்னை இத்தனை வருஷம் திருப்பதிக்கும் வேலூருக்கும் இழுத்துக்கொண்டு போனது என்று நினைத்தபோது, உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை கரியைச் சுரண்டி, துடைத்து, புது கேஸ்கெட் வைத்து மூடினேன். எட்டு நிறமும் அதனதன் ஓட்டைக்குள் போயின. பத்து நட்டையும் இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரம் வரை, ஒவ்வொன்றையும் பலம் கொண்ட மட்டும் முடுக்கினேன். பச்சையம்மாள் கூடவே எண்ணிக்கொண்டு வந்தாள். ஒன்றுகூட விடவில்லை. வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. தெருவில் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூரம் வரை

வியாழக்கிழமை காலை சோதனைக்காகக் கூரம் வரை ஓட்டினேன். போகும்போது தேர் மாதிரி போனது. திரும்பும்போது பானெட்டுக்குள் ‘சுர்’ரென்று ஒரு சத்தம். திறந்தால், ஹெட்டுக்கும் அதற்குக் கீழே இருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில், நான் கடைசியாக முடுக்கிய ஓரத்தில், தண்ணீர் கசிந்து ஆவியாகிக்கொண்டிருந்தது.

ஒரு யோசனை வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். நான்கு டின் தண்ணீர் டிக்கியில் வைத்துக்கொண்டால், நிறுத்தி நிறுத்தி ஊற்றி மெட்ராஸ் போய்விடலாம். பின் சீட்டில் இருப்பவருக்குத்தான் கண் தெரியாதே. இந்தக் கடைசி நினைப்பு வந்தவுடன் எனக்கே என்மேல் அருவருப்பாகிவிட்டது. நேராகப் பாயிடம் போனேன்.

பாய் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எங்கேருந்து முடுக்கின?”

“இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசிக்கு. வரிசையா. ஒண்ணுகூட உடல.”

பாய் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். “ஏம்பா, கார் இன்னா பொடவையா, இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்குப் போவ? நடுவுலேருந்து முடுக்கணும். நடுவுல ஒண்ணு, அப்பால எதிர்ல ஒண்ணு, அப்பால இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அதுவும் ஒரே முடுக்கா இல்ல, மூணு சுத்து. கேஸ்கெட்டு நசுங்கிப் பூடுச்சி. எங்கிட்ட வேற இல்ல, மெட்ராஸ்லதான் வாங்கணும்.”

கேட்கச் சொன்ன மனுஷன். நான் கேட்கவில்லை. திறக்கும்போது ஒவ்வொரு கம்பியிலும் இருந்த ஆசை, மூடும்போது எனக்கு இல்லை. மூடுவது என்றால் இறுக்குவதுதானே, அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் சைக்கிளில் சின்ன காஞ்சிபுரம் போனேன். ஹாரன் இல்லாததால் வாத்தியார் யாரென்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தார். நடந்தது அத்தனையும் சொன்னேன். உள்ளே பார்க்கிற ஆசையில் செய்தேன் என்பதையும் சொன்னேன்.

“தப்பில்லேப்பா,” என்றார். “நாளைக்கு என் கண்ணைத் திறக்கப் போறாரே, அந்த டாக்டருக்கும் உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிற ஆசை இருந்திருக்கும். ஆனா அவர் மூடறதுக்கும் சேர்த்துப் படிச்சிருக்கார். அதான் தைரியமாப் போறேன்.”

திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

“முனுசாமி வண்டி வருது சாமி. நானும் கூட வரேன்,” என்றேன்.

“நீ வந்தா எந்த வண்டியானா என்ன?”

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு டாக்ஸியின் பின் சீட்டில் உட்கார்ந்து மெட்ராஸ் போனேன். வாத்தியார் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் படியேற்றி, வார்டில் சேர்த்து, அவர் அக்கா மகன் வரும் வரை இருந்துவிட்டு, மவுண்ட் ரோடு பக்கம் கேஸ்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நோட்டீஸ் ஒட்டுகிறவன்

சனிக்கிழமை பாய் எங்கள் வாசலுக்கே வந்தார். ஹெட்டைத் தூக்கி, இரும்பு ஸ்கேலை வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். நல்ல வேளை, ஹெட் வளையவில்லை. வளைந்திருந்தால் நான் திரும்பத் தறிக்குத்தான் போயிருக்க வேண்டும். “நீ தொறந்தது, நீயே மூடு,” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு நட்டாக விரலை நீட்டினார்.

பச்சையம்மாள் விடவில்லை. “ஏன் பாய் நடுவுலேருந்து?”

பாய் தாடியைச் சொறிந்தார். “எனக்குத் தொழில் கத்துக்குடுத்த உஸ்தாத் அப்படித்தான் சொன்னாருமா. நான் ஏன்னு கேட்டதில்ல.”

அவள் ஹெட்டின் மேல் நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலை ஓட்டிப் பார்த்தாள். “செவுத்துல நோட்டீஸ் ஒட்றவன் நடுவுல தடவி ஓரத்துக்குத் தள்றான் பாருங்க, அது மாதிரியா? ஓரத்துலேருந்து அழுத்திக்கினு வந்தா உப்பலு உள்ளயே மாட்டிக்கும்.”

பாய் என்னைப் பார்த்தார். “டாக்ஸியை உங்க ஊட்டம்மாகிட்ட குடுத்துட்டு நீ போயி பாவு பிணைபா.”

அன்று அவளே சிவப்புப் பெயின்ட் கொண்டுவந்து, பானெட்டின் உள்பக்கம் பத்து வட்டம் போட்டு, முடுக்க வேண்டிய வரிசையில் ஒன்று முதல் பத்து வரை எண் எழுதினாள். அந்த வண்டியை விற்கும் வரை அது அழியவில்லை.

அப்புறம் எத்தனையோ தடவை ஹெட்டை நானே இறக்கியிருக்கிறேன். “அண்ணே, வீட்டுலயே பண்ணலாமா?” என்று இன்றைக்கும் யாராவது கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. வண்டிக்காக யாராவது காத்திருக்கிறார்களா? எப்படி மூடுவது என்று கேட்டுக்கொண்டாயா? முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஆமாம் என்றால் தாராளமாகத் திற. உள்ளே பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து வாத்தியார் தானாகவே நடந்து ஸ்டாண்டுக்கு வந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி. என் முகத்தை முதல் தடவையாகப் பார்ப்பவர்போல் பார்த்துவிட்டு, “எங்கே, அந்த இன்ஜினைக் காட்டு” என்றார். பானெட்டைத் தூக்கினேன். குனிந்தவர் இன்ஜினை விட்டுவிட்டு மேலே பார்த்தார். உதடு அசைய எண்களைப் படித்தார். பத்தையும் படித்தார்.

“ஏம்ப்பா,” என்றார், “ஒண்ணு ஏன் நடுவுல இருக்கு?”