கிரகத்தை எரித்தவனுக்காக ஒரு ஜெபம்

நார்வே கடற்கரையில் இருக்கும் எங்கள் ஜெபவீட்டில், வியாழன்தோறும் யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர் பெயரைச் சொல்வோம். மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவளும், கூட்டத்துக்கு வாஃபிள் என்னும் இனிப்பு அப்பம் சுட்டுத் தருபவளுமான குன்வோர் அன்று, "வார்கோன்" என்றாள்.

"யாரும்மா அது?" என்றார் பெரியவர் ஓட்வார்.

"விண்வெளி சீரியல்ல வர்ற குரு. ஜனங்களோட ஆத்துமாவக் காப்பாத்தணும்னு கிரகத்தையே எரிக்கிறான்."

"சரிதான்! அடுத்த வாரம் சாத்தானுக்கும் வாஃபிள் சுட்டுக் குடுப்பியா?"

எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"அவன் முழங்கால் போட்டு அழுதுட்டுத்தான் எரிக்கிறான். எம்மவன் சபைய விட்டப்போ, 'திருந்துற வரைக்கும் வீட்டுப் பக்கம் வராதே'ன்னு நானும் ஜெபம் பண்ணிட்டுத்தானே சொன்னேன்? அன்புலதான் சொன்னேன். அப்போ வார்கோன் கெட்டவனா, நல்லவனா?"

எனக்கு இன்றும் குழப்பந்தான். வார்கோனுக்காக ஜெபித்தோம். குன்வோர் வெளியே போய் மகனுக்குப் போன் போட்டாள். என்ன பேசுவதென்று தெரியாமல், "வாஃபிள் சுட்டிருக்கேன், வர்றியாடா?" என்று மட்டும் கேட்டாள்.