கிரேன்காரர் காட்டிய டார்ச்

அந்தப் பேச்சை எடுத்தாலே கிரேன்காரருக்கு இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வரத்தானே செய்யும்? பாதி ஆயுசை ஆகாயத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, ஊரான் மாடி கட்டக் கல்லும் கம்பியும் தூக்கிக் கொடுத்த மனுஷன். ஒரே ஒரு தடவை அவர் உதவி கேட்டார். ஊர் கைதட்டியது.

அன்றைக்கு எல்லோரும் வேலை முடிந்து போயாச்சு. இவர்தான் கடைசி. ஏணியில் இறங்கும்போது கரண்ட் போனது. கிரேன் உச்சியிலிருந்த சிவப்பு விளக்கும் அணைந்து கும்மிருட்டு. கால் வழுக்கி, ஏணிக்கு நடுவிலிருந்த இரும்புப் பலகையில் விழுந்தார். கணுக்கால் மடங்கிவிட்டது. வாக்கி-டாக்கியும் செல்போனும் கீழே போய்ச் சிதறின. கத்தினால் காற்று தின்றுவிடுகிறது. மிஞ்சியது இடுப்பில் செருகியிருந்த டார்ச். வட்டம் வட்டமாகச் சுழற்றினார்.

எதிரே அவர் குடியிருக்கும் தெருதான். புழுக்கம் தாங்காமல் சனமெல்லாம் மொட்டைமாடியில். பதிலுக்கு ஆளாளுக்கு செல்போன் வெளிச்சத்தை ஆட்டினார்கள், கைதட்டினார்கள். அப்பாடா, பார்த்துட்டாங்க என்று காத்திருந்தார். காத்திருந்தார். ஒரு பய வரவில்லை! கரண்ட் வந்து விளக்கு எரிந்த பிறகுதான் கட்டட வாசல் காவல்காரர் அண்ணாந்து பார்த்து அலறினார்.

கட்டுப்போட்ட காலோடு வீட்டில் கிடந்தவரிடம் மச்சினன் செல்போனை நீட்டினான். "மாமா, பறக்கும் தட்டு! நம்ம தெருவுக்கு மேலயே நின்னுச்சு!"

"அது நான்டா, மடையா."

"சும்மா இருங்க மாமா. அது பச்சையா மின்னுச்சு. நீங்க எங்க, அது எங்க!"

வீடியோவுக்குள் ஒரு பெண்குரல்: "ஐயோ, என்ன அழகு!"

யார் குரல்? கட்டின பெண்டாட்டி குரல்!

"ஏன்டி, புருஷன் இன்னும் வீடு திரும்பலையேன்னு தோணல, அழகா இருந்துச்சா உனக்கு?"

அவள் தம்பி கையிலிருந்த போனைப் பிடுங்கி வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். வேகமாகச் சுற்றிய வெளிச்சம் கடைசியில் கை ஓய்ந்ததுபோல் தொங்கியது. போனைத் தம்பி மடியில் எறிந்தாள்.

"அழிடா அதை."

"அக்கா, பத்தாயிரம் பேர் பாத்திருக்காங்க!"

"பத்தாயிரத்துல ஒருத்தன் ஏறினானா? என்னையும் சேத்துத்தான் கேக்குறேன். அழி!"

கால் சரியாகி வேலைக்குக் கிளம்பிய காலை, சாப்பாட்டுப் பையில் புது விசில் ஒன்று கிடந்தது.

"இதை ஊதினா வேற்றுக்கிரகத்துப் பாட்டுன்னு ஆடுவானுங்க," என்று எரிந்து விழுந்தார்.

"ஆடுறவன் ஆடட்டும். நான் ஏறி வருவேன்."

"ஏறிக் கிழிச்சே," என்றவர், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.