அடைத்த குழாய்முனை

பழனியாண்டி நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் களைக்கு மருந்தடித்தவர். தெளிக்கும் குழாயின் முனை அடைத்துக்கொண்டால் கழற்றி, வாயில் வைத்து ஊதுவார்.

தொழில்சார் சுகாதாரம் படிக்கும் மகள் நிரோஷினி, விடுமுறைக்கு வந்தபோது ஒரு பிரஷ் வாங்கிக் கொடுத்தாள். "வாயில வைக்காதீங்கப்பா. இதால தேய்ங்க."

"சரிங்க டாக்டரம்மா," என்று சிரித்தார். "எனக்குப் பல்லு வெளக்கவே நேரமில்ல, இதுல பைப்புக்கு வேறயா?"

அதிலிருந்து மூன்றாம் வருடம் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். மருந்தால்தான் என்று அவளால் யாரிடமும் நிரூபிக்க முடியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள், அப்பாவின் மருந்துத் தாங்கியைப் பக்கத்து லயத்து வீட்டுச் செல்வநாதன் முதுகில் சுமந்து நின்றார். குழாய்முனை அவர் உதட்டில் இருந்தது.

"ஊதாதீங்கண்ணே!" என்று ஓடினாள்.

அவர் ஊதி முடித்துத் துப்பினார். "பயப்படாத தங்கச்சி. ஒங்கப்பா சொல்லிக் குடுத்ததுதான்."