தலைகீழாக நின்ற ஜீப்

கல்முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவர் ஒல்லியான மனிதர். எதிரில் நிற்பவரின் கண்ணாடியைக் கேட்காமலே கழற்றித் துடைப்பார். கடையின் இருட்டறையில் ஒரு சிறு துளை வழியாகத் தெரு முழுவதும் சுவரில் தலைகீழாக விழும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒளியை ஆராய்ந்த ஈராக்கின் பஸ்றா நகர அறிஞரின் பெயரை அறைக் கதவில் அரபியில் எழுதியிருந்தார்.

ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அரபி எழுத்தே சந்தேகத்துக்குரியதாகிவிட்ட நாட்களில், சோதனைக்கு வந்த அதிகாரி கடைக்காரரை அண்ணன் முறையில் விளித்து, "நானா, இந்த அரபிய அழியுங்க" என்றார். செய்தியாளனாக நானும் அங்கே நின்றேன்.

"மாட்டன் சேர். கண்ணுக்கு வெளிச்சம் எப்படி வருதெண்டு காட்டின மனிசன்ட பேர் அது." அதிகாரியை இருட்டறைக்குள் அழைத்துப்போய், அவருடைய கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டார். "இப்ப வடிவாப் பாருங்க."

சுவரில் அதிகாரியின் ஜீப் தலைகீழாக நின்றது.

"நாளைக்கும் வருவன்" என்றார் அதிகாரி.

"வாங்க சேர். பேர் இருக்கும்."

மறுநாள் போனேன். எழுத்துகள் பளிச்சென்று தெரியும்படி புதுச் சாயம் பூசியிருந்தார். முதல்நாள் என் கமராவைப் பையிலிருந்து எடுக்கவே எனக்குத் துணிவு வரவில்லை.