ஒன்பது சைபர்

எண்பதுகளில் லண்டன் பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் கணவரும் கைக்குழந்தையோடு குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். அமெரிக்கர். லண்டன் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். மனைவி இறந்து கொஞ்சக் காலம். சாவியைத் தரும்போதே சொல்லிவிட்டார்: "ஒரு வாரம் பார்ப்பேன். குழந்தையின் சத்தம் தாங்க முடியாவிட்டால் நீங்கள் வேறு இடம் பார்க்கவேண்டும்."

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளுக்குப் பல் முளைக்கிற பருவம். சிணுங்கினாலே தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடப்பேன். கரண்டி விழுந்தால் என் நெஞ்சும் கூடவே விழும். விசில் அடிக்குமே என்று குக்கரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. சட்டியில்தான் பருப்பு அவித்தேன்.

இரண்டாம் நாள் படிக்கட்டின் அடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏழு கட்டங்கள்; முதல் கட்டத்தில் ஒரு சைபர். மறுநாள் இன்னொன்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சைபர் என்றால் கணக்கு வாத்தியாரின் சிவப்பு மைதான் எனக்குத் தெரியும்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசன் எங்களுக்கு மார்க்ஸ் போடுது. எல்லாம் சைபர்."

பெற்றோல் செட் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் சப்பாத்தைக் கழற்றினார். "வீட்டுக்காரரின்ரை ஹோலிலை ஒரு படம் தொங்குது, கண்டனியே? பழைய பேப்பர்த் துண்டு, ஏதோ மட்ச் ஸ்கோர். வரிசையா ஒன்பது சைபர். ஒன்பது பேரும் டக் அவுட்! அதையும் பிரேம் போட்டு வைச்சிருக்கிறார், பாவம்."

"உங்களுக்குப் பகிடி. பார்க்கிங் ஊரிலை இருக்கிற உங்கடை சிநேகிதரிட்டை ஒரு அறை கேளுங்கோ."

"கேக்கிறன். நீ முதல்லை சாப்பிடு."

வியாழக்கிழமை மகள் வீடு அதிரக் கத்தினாள். அன்றைய கட்டத்தில் 'ஒன்று' என்று இருந்தது. கத்தியதற்கு ஒரு மார்க் கூடவா? குழம்பிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கட்டத்திலும் சைபர். சூட்கேசை இறக்கி வைத்துவிட்டு, மகளை இடுப்பிலும் நான் பொரித்த மட்டன் ரோல்ஸ் தட்டைக் கையிலுமாகக் கீழே போனேன். எனக்குத் தெரிந்த பாதி இங்கிலீசில் கேட்டேன்: "நாங்கள் எப்போது போகவேண்டும்?"

"எங்கே?" என்றார்.

தாளைக் காட்டினேன். அவர் ஹோலில் தொங்கிய அந்தப் படத்தடிக்குக் கூட்டிப்போனார். ஐம்பதுகளில் சம்பளத்துக்குப் பேஸ்போல் ஆடியவராம். பந்து எறிவது அவர். ஒன்பது சுற்றிலும் எதிர் அணியை ஒரு ரன்னும் எடுக்க விடவில்லை. "இந்தச் சைபர் எல்லாம் நான் போட்டவை," என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். அவற்றுக்குப் பின்னால் ஒரு தனி 'ஒன்று' இருந்தது. "ஒரே ஒருவன் மட்டும் பந்தை அடித்துவிட்டான்; ரன் எடுக்கவில்லை. அதனால் ஆட்டம் கெட்டுப்போகவில்லை."

பிறகு மகளின் கன்னத்தைத் தொட்டார். "வியாழக்கிழமை பல்லா?"

தலையாட்டினேன். அவர் ஒரு ரோலைக் கடித்தார். உறைப்பில் கண் கலங்கியது. ஆனாலும் இன்னொன்றை எடுத்தார்.

கணவரிடம் சொன்னபோது தலையில் கைவைத்தார். "அட, டக் இல்லை, ஒன்பதும் ரன்னே குடுக்காத மெய்டன்! நானெல்லோ அந்த மனுசனைப் பாவமெண்டனான்!"

சூட்கேஸ் அலுமாரிக்கு மேலே போனது. குக்கர் பெட்டியை விட்டு வெளியே வந்தது. மறுநாள் படிக்கட்டடியில் தாளைக் காணவில்லை. அதற்கும் கொஞ்சம் பயந்தேன்.