தலையணைக்குள் தைத்த கடிதம்

ஜெபல் அலி தொழிலாளர் முகாமை விட்டு நடந்துகொண்டிருந்தேன். மத்தியான வெயில். கையில் தண்ணீர்ப் போத்தல் மட்டும். பை எடுத்தால் காவலாளிக்குத் தெரிந்துவிடும். கம்பனி மறுநாள் என்னை இலங்கைக்கு அனுப்ப டிக்கெட் போட்டிருந்தது. ஊரில் என்னைத் தேடி இரண்டு முறை புலனாய்வு ஆட்கள் வந்துபோயிருந்தார்கள். திரும்பினால் பிடிப்பார்கள்.

ஷார்ஜாவில், முவைலா என்ற இடத்தில், எங்கள் ஜெபக்கூட்டத்துச் செல்வம் அண்ணனின் அறையில் ஒதுங்கினேன். அகதிப் பதிவு அலுவலகத்துக்கு அவரே விண்ணப்பம் எழுதித் தந்தார். அவர்கள் அண்ணனின் போனில் கேட்டது ஒன்றுதான்: போருக்குப் பிறகு உங்களைத் தடுத்து வைத்ததற்கு எழுத்து ஏதாவது இருக்கிறதா? வியாழக்கிழமை நேர்காணல்.

இருந்தது. போர் முடிந்ததும் இராணுவம் எங்களை அடைத்து வைத்த புனர்வாழ்வு முகாமிலிருந்து விடும்போது தந்த கடிதம். அங்கிருந்து வந்த நாங்கள் அதை எரிக்கவும் மாட்டோம், காட்டவும் மாட்டோம். ஊரில் சோதனைச் சாவடியில் கேட்டால் வேண்டும். வேலை தருபவர் கண்டால் வேலை போகும். நான் தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தேன். ஊர் கேட்டால் கிளிநொச்சி என்று சொல்வதில்லை, போராளி என்று சந்தேகிப்பார்கள். கொழும்பு என்பேன்.

"அதை விட்டிட்டே வந்தனீ?" என்றார் அண்ணன்.

"தலையணையோட நடந்தா, கடைக்குப் போறன் எண்டு ஆர் அண்ணை நம்புவினம்?"

அவர் சிரிக்கவில்லை. முகாமில் ஆள் போனால் அவன் படுக்கை குப்பைக்குப் போகும்.

இரண்டு நாள் போனது. அறையில் எட்டுப் பேர். குளியலறைத் தரையில் முழங்காலிட்டேன். ஆண்டவரே, எனக்கு வேறு எதுவும் இல்லை என்றேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முகம் மட்டும் வந்தது: முகாமில் எனக்குக் கீழ்க்கட்டிலில் படுக்கும் முருகேசன் அண்ணன், இராமநாதபுரத்துக்காரர். காட்டிக்கொடுப்பாரோ என்று பயந்துதான் போனை அணைத்து வைத்திருந்தேன். போனைப் போட்டு அவரை அழைத்தேன்.

"உசுரோடதான் இருக்கியா? ஒன் தலகாணி குப்பைக்குப் போச்சு, நாந்தான் எடுத்துக்கிட்டேன். காதுக்குள்ள மொறுமொறுன்னு என்னய்யா அது, அப்பளமா?"

"கடிதம், அண்ணை."

"யாரு, காதலியா?"

அழுதுவிட்டேன். அவர், "எங்க கொண்டாரணும், சொல்லு" என்றார்.

புதன்கிழமை லீவு போட்டு, தலையணையை மடியில் வைத்து பஸ்ஸில் வந்தார். தையலைப் பிரிக்கவே இல்லை.

வியாழன் கடிதத்தை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை. விசாரணையில் இருக்கிறது என்று ஒரு தாள் தந்தார்கள். ஆனாலும் சொல்கிறேன், சகோதரங்களே: என் விசுவாசம் பெரிதல்ல, செவிகொடுத்தவர் பெரியவர். வழியே இல்லாத அன்றைக்கு நீங்களும் கேளுங்கள். கேட்டபின் அவர் காட்டும் ஆளை நம்புங்கள்.

நேர்காணலுக்கு மறுநாள் காலை முவைலாவில் ஒரு தேநீர்க்கடையில் பாத்திரம் கழுவப் போனேன். முதலாளி ஊர் கேட்டார். கிளிநொச்சி என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, கழுவ வேண்டிய சட்டிகளைக் காட்டினார்.