தொட்டிக்கு மேலே ஒரு முழம்

யுத்தம் முடிந்த ஆண்டில் மருமகன் தோஹாவிலிருந்து விடுமுறையில் வந்தார். மகளின் வீட்டு முன்மண்டபம் அப்போது பூசப்படாமல் கிடந்தது. மண்டபத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவே சுவர் எழுப்பாமல், பெரிய கண்ணாடித் தொட்டியொன்றையே தடுப்பாக வைத்து, அதில் கடல்நீர் நிரப்பி மீன் வளர்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். தம் முதலாளியின் வீட்டில் அப்படியொன்றைப் பார்த்திருந்தார். நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே திட்டம் வரையும் வேலை என்னிடம் வந்தது.

நான் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். காரணம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை வாயால் சொல்லிப் பிறரைத் தலைகுனிந்து நிலம் பார்க்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. கடல் ஊருக்குள் வந்த அன்று, கரையோரம் இருந்த எங்கள் பழைய வீடு போயிற்று. என் மனைவியும் போனார். உடல் கிடைக்கவில்லை. உடலின்றித் தொழும் காயிப் ஜனாஸாவைத் தொழுதோம். அதன்பின் சில காலம் ஊரே மீன் தின்னவில்லை. ஊர் மீண்டும் தின்னத் தொடங்கியது, நான் தொடங்கவில்லை. கடற்கரைப் பக்கம் போகவுமில்லை. இப்போது கடல் வீட்டின் நடுவே வருவதாக இருந்தது.

எங்கள் பகுதி வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கரையை விட்டு வயல்பக்கமாக எழுந்த இந்த வீடும் மகளின் பெயரிலேயே இருக்கிறது. மருமகன் அங்கே மாப்பிள்ளை. நான் ஓர் அறைக்காரன்.

பவளம் வேண்டாம், மீன் மட்டும் போதும் என்று முதலிலேயே தீர்மானித்தேன். பவளம் கேட்கும் ஒளியையும் கவனிப்பையும் எங்கள் மின்சாரத்தை நம்பிக் கொடுக்க முடியாது. நீரின் எடையைத் தாங்க நிலத்தில் கொங்கிறீட் பட்டி, தொட்டியின் கீழே வடிகட்டும் சிறு தொட்டி, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி, கரண்ட் போனால் காற்றுக் கொடுக்க பற்றரியில் ஓடும் பம்பி. வண்ணாத்தி மீன் சாதுவானது. கிளாத்தி சண்டைக்காரன்; விரும்பினால் ஒன்று போதும். வேலை எனக்கு ஒத்துவந்தது என்றே சொல்ல வேண்டும். கணக்கில் அடங்கியிருக்கும் வரை கடலும் ஒரு பாடந்தான்.

வரைபடத்தை மருமகன் மெச்சினார். மகளும் பார்த்துத் தலையாட்டினாள். மருமகனின் தாயார் மட்டும் அதை வாங்கி, தலைகீழாகவும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

“இதால உள்ளுக்குத் தெரியுமா?”

“ஓம் உம்மா. ரெண்டு பக்கத்தாலயும் மீன் தெரியும்,” என்றார் மருமகன் பெருமையோடு.

“நான் மீனக் கேக்கல்ல. வாற ஆம்புளையள் மீனப் பாக்கிற சாட்டுல உள்ளுக்க இரிக்கிற பொம்புளையளையும் பாத்துட்டுப் போவானுகள். தடுப்பு ஆருக்கு மகன், மீனுக்கா, நமக்கா?”

அடுப்படியிலிருந்து மகள் சிரித்தது கேட்டது. படித்தவர்கள் மூவருக்கும் கண்ணாடி ஊடாக ஆளும் தெரியும் என்பது நினைவில் வரவில்லை.

திட்டம் மாறியது. உட்பக்கக் கண்ணாடிக்குக் கருநீலம் பூசுவது. தொட்டிக்கு மேலே கூரைவரை பலகை அடித்து, குழாய்களையும் விளக்குகளையும் மறைப்பது. எல்லோருக்கும் திருப்தி. நான் புதிய தாளில் பலகையின் கோட்டைக் கூரைவரை இழுத்து முடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய வீட்டிலும் ஒரு தடுப்பு இருந்தது. பலகையாலான தட்டி, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே முடிந்துவிடும். வந்தவர்கள் மண்டபத்தில் என்னோடு அமர்வார்கள். மனைவி தட்டிக்கு அப்பால் ஏதேனும் வேலையாக இருப்பார். ஒருமுறை, சாகாமத்தில் எங்களுக்கிருந்த வயலைச் செய்கைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். வந்தவரை அண்ணன் முறை வைத்து அழைத்து, தட்டிக்கு மேலாக மனைவியின் குரல் வந்தது.

“அவரிட்டக் கேட்டா, மறுகா அவர் என்னட்டத்தான் வந்து கேப்பார். நேரா இஞ்சால கேளுங்க காக்கா. நேரம் மிச்சம்.”

வந்தவர் கதிரையைத் தட்டியை நோக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டார். அன்று மட்டுமல்ல. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பலர் எனக்கு ஸலாம் சொல்லிவிட்டு, அந்தத் தட்டியோடு கதைத்துவிட்டுப் போனவர்கள்.

காற்றில் வரும் ஒலி நீருக்குள் இறங்குவதில்லை, பெரும்பங்கு திரும்பிவிடும். மாணவருக்கு நானே சொல்லிக்கொடுத்தது. மகளும் தாயைப் போலக் கதைப்பவள். அவளுடைய வீட்டில் அவளுடைய குரல் மண்டபத்துக்கு வராத ஒரு சுவரைத்தான் நான் அளவு பிசகாமல் வரைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மருமகனிடம் சொன்னேன்: “மேலே ஒரு முழம் திறந்திருக்கட்டும்.”

“என்னத்துக்கு மாமா? பைப்பு, வயர் எல்லாம் தெரியும். கடை மாதிரி இரிக்கும்.”

“சூடு வெளியே போக வேணும்.”

“சின்ன ஃபேன் ஒண்டு வெப்பம்.”

“ஈரம் தங்கும். உப்பு பலகையைத் தின்னும்.”

“பலகை வேணாம் மாமா, ஃபைபர் அடிப்பம்.”

என்னிடம் சொல்லக்கூடிய காரணங்கள் தீர்ந்தன. ஒன்று எஞ்சியிருந்தது. அதைத் தொடங்கினால் முடிக்க முடியுமா என்று எனக்கு நிச்சயமில்லை. தாளை மடிக்கத் தொடங்கினேன்.

தடுப்பு வரவேண்டிய வெற்றிடத்துக்கு அப்பால் மகள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவுவதை நிறுத்தவில்லை.

“வாப்பா, சூட்டையும் ஈரத்தையும் உடுங்க. உம்மாட தட்டிக்கு மேலயும் அவ்வளவு இடம் இரிந்ததானே.”

பிறகு அவள் கணவரிடம் சொன்னாள்: “மறைவா இரிக்கிறதுல எனக்கு ஒண்டுமில்ல. வாயையும் சேத்து அடைச்சிட்டு நீங்க தோஹாக்குப் போனா, வாற ஆக்களோட ஆரு கதைக்கிற? மீனா?”

“உடு மகன்,” என்றார் அவருடைய தாயார். “ஊட்டுக்காரி சொல்லிட்டா. நானும் அங்கால இரிந்து நாலு கதை கதைக்கத்தானே வேணும்.”

மருமகன் என்னிடமிருந்து தாளை வாங்கி, பலகைக் கோட்டின் மேற்பகுதியைத் தாமே அழித்தார்.

கடல்நீர் பீப்பாய்களில் லொறியில் வந்தது. நான் கூடப் போகவில்லை. சோதனைச் சாவடியில் பீப்பாய்களைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார்களாம். வெறும் கடல்தண்ணீர் என்று நம்பவைக்க லொறிக்காரர் ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்ட வேண்டியிருந்ததாம். வீட்டில் உப்பின் அளவை நான் பார்த்தேன். சரியாக இருந்தது. புதுத் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது; நீர் பக்குவப்பட வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மருமகன் மீனைக் காணாமலே திரும்பிப் போனார்.

அந்த நாட்களில் வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒருவர், அடுத்த போகத்துக்கு எங்கள் வயலைச் செய்வது பற்றிக் கேட்க வந்தார். நான் வழக்கம்போல யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

“வாப்பாக்கு அது தெரியா,” என்று தொட்டிக்கு மேலாக வந்தது. “இஞ்சால கேளுங்க.”

வந்தவர் திரும்பி, மீனில்லாத அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார். கதை நீண்டது. பம்பி எழுப்பிய சிறு அலை கண்ணாடியில் தட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போகும்வரை நானும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தேன்.